கோழிக்கறி சூடு, தயிர்சாதம் குளிர்ச்சி: நாய்க்கு இந்தக் கணக்கு எடுபடுமா?

பின்னால் படிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். கருத்தடை செய்த ஆண் லேப்ரடார், 3 வயது, 28 கிலோ. ஏப்ரலில் இருந்து காது சிவந்திருக்கிறது, முன்னங்கால் பாதத்தை ஓயாமல் நக்குகிறது. பக்கத்து வீட்டம்மா "கோழிக்கறி சூடுங்க, அதை நிறுத்திட்டு தயிர்சாதம் போடுங்க, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு மோர் குடுங்க" என்கிறார். ஏற்காட்டில் இருக்கும் உங்கள் மாமாவின் நாட்டு நாயோ தினமும் கோழி தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது. நாய்களுக்கான சீன வைத்தியப் பட்டியல் ஒன்றில் ஆட்டுக்கறி கடும் சூடு, வாத்துக்கறி குளிர்ச்சி என்று பார்த்திருக்கிறீர்கள். எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெயில் காலத்தில் நாயின் உடம்பைத் தணிவாக வைத்திருப்பது எப்படி என்பது ஒன்று. காது சிவப்பதும் காலை நக்குவதும் எதனால் என்பது இன்னொன்று. நம் ஊரில் இரண்டுக்கும் "சூடு" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது, அதனால் ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குப் போய்விடுகிறது.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். நாயின் உடம்பு வெப்பம் இயல்பிலேயே நம்மைவிட அதிகம், 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. தொட்டுப் பார்த்தால் எந்த நாயும் நமக்குச் சூடாகத்தான் தெரியும். மூக்கு காய்ந்து சூடாக இருப்பதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது, தூங்கி எழுந்த நாய்க்கு அப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் மருந்துக்கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, முனையில் கொஞ்சம் வாசலின் தடவி, ஆசனவாயில் 2 சென்டிமீட்டர் அளவு நுழைத்துப் பாருங்கள். நேற்று கோழியும் இன்று தயிர்சாதமும் தின்ற நாயை இப்படி அளந்தால் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி வாயைத் திறந்து இரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஆகவே அதைத் தணிப்பது நிழலும் காற்றும் தண்ணீரும்தான். உணவின் பங்கு சிறியது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த உணவைச் செரிக்கும்போதும் உடம்பில் வெப்பம் உண்டாகும். மாவுச்சத்து, கொழுப்பைவிடப் புரதத்துக்கு அது கூடுதல். நண்பகலில் வயிறு முட்டக் கறிச்சோறு போட்டால் நாய் அதிகமாக இரைப்பதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. அதற்காகக் கறியை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். சேலம் மே மாத வெயிலில் காலை 7 மணிக்குள் ஒரு வேளை, பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகு ஒரு வேளை.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. சித்த மருத்துவம் பொருள்களுக்குச் சொல்லும் தட்பமும் வெப்பமும் தெர்மாமீட்டர் கணக்கு கிடையாது. வாதம், பித்தம், கபம் என்ற அளவுகோலில், மனித உடம்பை வைத்துச் சொன்னவை அவை. சீன முறையில் நாய்க்கென்று இன்று புழங்கும் பட்டியல்களும் மனிதர்களுக்கான உணவுப் பட்டியலில் இருந்து வந்தவைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோழி இரண்டிலும் சூடு. ஆட்டுக்கறியில் முட்டிக்கொள்கிறது. சீனப் பட்டியலில் அதுதான் உச்சச் சூடு, நம் வீடுகளிலோ "சிக்கன்தான் சூடு, மட்டன் ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். நாயின் குடலில் ஆட்டுக்கறிக்கு நிஜமாகவே ஒரு நிலையான சூட்டுக்குணம் இருந்தால் ஊருக்கு ஊர் அது மாறாது. இந்தப் பாகுபாடு நாய் உடம்பில் சோதித்து நிறுவப்பட்டது என்று காட்ட என் கையில் எதுவும் இல்லை. அதற்காகப் பெரியவர்கள் பார்த்ததெல்லாம் பொய் என்றும் சொல்ல மாட்டேன். "இதைப் போட்டால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவர்கள் கவனித்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்குச் சொன்ன காரணம்தான் இடிக்கிறது.

கோழியையே எடுத்துக்கொள்வோம். "சிக்கன் போட்டேன், சூடாயிடுச்சு, பேதியாகுது" என்பவரிடம் எந்தச் சிக்கன் என்று கேட்டால், பாதிக்கு மேல் கறிக்கடையில் தோலும் கழுத்தும் குடலுமாகக் கட்டிக்கொடுத்த கழிவாக இருக்கும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சமாக இருக்கும். முதலாவதில் கொழுப்பும் கிருமியும் தூக்கல். இரண்டாவதில் எண்ணெய், மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலாக வெங்காயம். அவ்வளவு கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையமே வீங்கும். வாந்தி எடுத்து, வயிற்றைத் தொட விடாமல் குறுகி நிற்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிப்பதும் உண்டு. இவற்றில் எதற்கும் கோழியின் "குணம்" பொறுப்பில்லை.

உங்கள் நாய்க்குச் சொல்லும் காதும் பாதமும் வேறு வழக்கு. காது சிவப்பு, பாதம் நக்கல், அக்குளிலும் அடிவயிற்றிலும் அரிப்பு என்றால் முதல் சந்தேகம் ஒவ்வாமை மேல் விழ வேண்டும். அதில் உணவு ஒரு பங்குதான். தெள்ளு, உண்ணி, வீட்டுத்தூசியில் உள்ள நுண்பூச்சி, புல், மகரந்தம் எல்லாம் இதே முகத்தைக் காட்டும். லேப்ரடாரின் தொங்கு காதுக்குள் ஈரம் தங்கி ஈஸ்ட் வளர்வது இன்னொன்று. காதை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையும் பழுப்புநிற மெழுகும் இருந்தால் அநேகமாக அதுதான். கால்நடை மருத்துவர் ஒரு பஞ்சுக்குச்சியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு முன் தேங்காய் எண்ணெய், வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் காதுக்குள் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்பது வெளியில் இருந்து தெரியாது.

உணவு ஒவ்வாமையாகவே இருந்தாலும் பக்கத்து வீட்டம்மாவின் வைத்தியம் திருப்பி அடிக்கலாம். உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் திரட்டி 2016ல் வெளியான தொகுப்பாய்வில், மாட்டிறைச்சி 34 சதவீதம், பால்பொருள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வந்தது. நம் நாட்டு நாய்களின் உணவை வைத்து எடுத்த கணக்கு இல்லை என்பதால் இதே வரிசை சேலத்துக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கோழியை நிறுத்திவிட்டுத் தயிரைக் கூட்டுவது, சந்தேகப் பட்டியலில் ஒன்றை எடுத்துவிட்டு அதற்குச் சமமான இன்னொன்றை வைப்பதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒழுங்கான வழி விலக்கு உணவு. ரத்தப் பரிசோதனை, முடிப் பரிசோதனை என்று விற்பவை இந்த வேலைக்கு நம்பகமானவை அல்ல. இதுவரை உங்கள் நாய் தின்றே இராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும், 8 வாரம். ஆட்டுக்கறி தின்றதில்லை என்றால் கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். கட்டுப்படியாகாது என்றால், மீன் பழக்கமில்லாத நாய்க்கு மேட்டூர் கட்லாவை வேகவைத்து, ஒரு முள் விடாமல் விரலால் உதிர்த்துப் பார்த்துக் கொடுக்கலாம். சீனப் பட்டியலை நம்பி வாத்துக்குப் போக வேண்டாம். வாத்தும் கோழியும் பறவை இனம், புரதங்கள் ஒத்துப்போகக் கூடியவை; கோழி ஒவ்வாத நாய்க்கு வாத்தும் ஒவ்வாமல் போகலாம், அப்போது முடிவு குழம்பிவிடும். இந்த 8 வாரமும் பிஸ்கட், முட்டை, மெல்லும் எலும்பு, சுவை சேர்த்த மாத்திரை ஒன்றும் கூடாது. பெரும்பாலான சோதனைகள் தோற்பது இங்கேதான், பாட்டி யாருக்கும் தெரியாமல் நீட்டும் ஒரு துண்டு பிஸ்கட்டில். அரிப்பு அடங்கினால் அதோடு விடாமல் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கோழியைக் கொடுத்து 2 வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் கோழி குற்றவாளி. அடங்காவிட்டால் உணவை விட்டுவிட்டுத் தூசி, பூச்சி பக்கம் போகலாம்.

அடுத்தது நான் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டிய இடம். நம் குளிர்ச்சிப் பட்டியலில் நாயைக் கொல்லக்கூடிய இரண்டு பொருள்கள் இருக்கின்றன: சின்ன வெங்காயமும் திராட்சையும். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சையோ வேகவைத்ததோ பொடியோ, எல்லாம் ஒன்றுதான். உடம்பு எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டி ஒரே தடவையில் தின்றால் நஞ்சாகும் என்பது பொதுவான கணக்கு. 28 கிலோவுக்கு அது 140 கிராம், பதினைந்து சின்ன வெங்காயம் இருக்கலாம். அதற்குக் குறைவாகத் தினமும் சேர்ந்தாலும் பாதிக்கும். இதில் கொடுமை என்னவென்றால் அறிகுறி அன்றே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோரும், ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். "பாரு, சூடு ஏறி நீர் சிவந்துபோச்சு" என்று இன்னொரு தம்ளர் வெங்காய மோர் உள்ளே போகும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று எல்லை வகுக்க முடியவில்லை. ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்றுக்குச் சில பழங்களே போதும். தின்றது தெரிந்த உடனே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மற்ற குளிர்ச்சிப் பொருள்களில் பயம் இல்லை, பெரிய பலனும் இல்லை. வெள்ளரிக்காய், விதை எடுத்த தர்பூசணி, சுரைக்காய், பூசணி எல்லாம் தண்ணீர்தான், தரலாம். நுங்கை நசுக்கிக் கொடுங்கள், முழுசாக வழுக்கித் தொண்டையில் நிற்கும். இளநீர் 100 மில்லி வரை எப்போதாவது சரி. பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறோ இதய மருந்தோ உள்ள நாய்க்குக் கூடாது. மோர் என்றால் உப்பு, பச்சை மிளகாய், பெருங்காயம் எதுவும் படாத வெறும் நீர்மோர். மாம்பழம் சூடு என்று பயப்பட வேண்டாம், மல்கோவாவில் இரண்டு துண்டு சதையால் ஒன்றும் ஆகாது. கொட்டையைத்தான் பூட்டி வைக்க வேண்டும். சப்பிச் சப்பி வழுவழுப்பான மாங்கொட்டையை லேப்ரடார் முழுசாக விழுங்கினால் குடலில் அடைத்து, அறுவை சிகிச்சையில் போய் முடியும். சூடு தணிய வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினால் நாய் அதை நக்கித் தின்றுவிடும், பலன் பேதிதான். எண்ணெயைவிட ஆபத்து, தோட்டத்துச் செடிக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு. அதன் வாடைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு சரியாக நீங்காமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

தயிர்சாதத்துக்கு வருகிறேன். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1200 கலோரி வேண்டும். 700 கிராம் சோறும் 400 கிராம் தயிரும் கலந்தால் 1150 கலோரி வந்துவிடும், வயிறு நிறையும். அதில் இருக்கும் புரதமோ சுமார் 31 கிராம்தான். வளர்ந்த நாயின் உணவில் 1000 கலோரிக்கு 45 கிராம் புரதமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனத் தரக்கணக்கு. அதன்படி 54 கிராம் வேண்டும். கால்சியமும் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் போனால் முடி மங்கும், தசை வற்றும், ஆனால் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு ஏறும். குண்டான நாய்க்குத்தான் வெயில் தாங்காது என்பதால், குளிர்ச்சிக்கென்று போட்ட சாப்பாடே நாயை வெயிலுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஜவ்வரிசிக் கஞ்சியும் இதே கதைதான். சேலத்துக்காரர்களுக்கு அது கையெட்டும் பொருள், பேதிக்கு ஒரு நாள் கொடுக்கலாம். ஆனால் அது வெறும் மரவள்ளி மாவு, புரதம் என்று சொல்ல அதில் ஏதுமில்லை.

ஒவ்வாமைச் சோதனை முடிந்து கோழி குற்றமற்றது என்று தெரிந்தால், ஒரு நாளைக்கு இந்த அளவு: தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி 350 கிராம் (பச்சையாக எடை போட்டது), வெந்த சோறு 450 கிராம் (அரிசியாக 160 கிராம்), பூசணியோ சுரைக்காயோ 150 கிராம், ஒரு முட்டை, எண்ணெய் 2 டீஸ்பூன். கறியையும் காயையும் வெறும் தண்ணீரில் குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து, ஆறிய பிறகு இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் முட்டை ஓட்டைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்து நாளுக்கு 4 கிராம் சேர்க்க வேண்டும். அதில் சுமார் ஒன்றரை கிராம் கால்சியம் இருக்கும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை இதிலும் குறைவுதான். அதற்கான கலவையை நாயை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அளந்து தர வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை.

"சூடு" என்று தள்ளிப்போடக் கூடாதவையும் சில உண்டு. மூக்கில் ரத்தம் வந்தால் இளநீரைத் தேடாதீர்கள். நம் பக்கத்தில் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். உண்ணி பரப்பும் எர்லிச்சியா கிருமி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், வேளையோடு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். காப்பி நிறத்தில் சிறுநீர் போனால் இன்னொரு உண்ணி நோயோ வெங்காயமோ. கண் வெள்ளை மஞ்சளானால் கல்லீரலோ எலிக்காய்ச்சலோ. ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சொட்டுத்தான் வருகிறது என்றால் அதை நீர்க்கடுப்பு என்று வெந்தயம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. கல் அடைத்திருந்தால் ஒரு நாள் தாமதமே உயிரை எடுக்கும்.

உண்மையான வெப்பத்தாக்கு எப்படியிருக்கும் என்றால்: நிற்காத இரைப்பு, செங்கல் நிற நாக்கு, கோழையாக வடியும் எச்சில், தள்ளாட்டம். வெப்பம் 41 டிகிரியை நெருங்கும். வாயில் மோர் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறியை நேராகத் திருப்பிவிட்டு, 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, வண்டியில் ஏற்றுங்கள். மொட்டை மாடியில் தகரக் கூண்டு இருந்தால் அதை இன்றே கீழே இறக்குங்கள்.

மாமா வீட்டு நாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதற்குக் கோழி ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே கவலை எதிர்த் திசையில் ஓடும்: குளிருக்குச் சூடு வேண்டும் என்று மிளகு, பூண்டு, கருவாடு போடுவார்கள். பூண்டும் வெங்காயக் குடும்பம்தான். கருவாட்டில் உப்பு அதிகம். மழையிலும் பனியிலும் வெளியே படுக்கும் நாய்க்கு வேண்டியது கூடுதல் சாப்பாடும், தரையில் இருந்து அரையடி உயர்த்திய பலகையும், காய்ந்த சாக்கும். காப்பித் தோட்டத்தில் திரியும் நாய் என்றால் உதிர்ந்த பழத்தையும் காயவைத்த கொட்டையையும் தின்னாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், கஃபீன் நாய்க்கு நஞ்சு.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது வெங்காய மோரை நிறுத்துவதும், காதைக் காட்டுவதும். போகும்போது கடந்த ஒரு மாதத்தில் நாயின் வாய்க்குள் போன எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பாட்டியின் பிஸ்கட் உட்பட.